வேப்பேரியில் ஒரு கடன்பட்ட ஐயர்



இது நீளமான பதிவு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதீர்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவர் என்று என்னைப் பற்றி நீங்கள் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை.

போன மாதம் ஒரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். எழுதலாமா என்று கேட்டேன், பேர் போடாமல் எழுதுங்க சார் என்றான். வியாசர்பாடியில் அவன் இருக்கும் தெருவில் எல்லாருக்கும் அவன் மேல் நம்பிக்கை. சபையில் காணிக்கை எண்ணுகிறவன். அந்த நம்பிக்கையில்தான் நாலைந்து வருடமாகக் கிறிஸ்மஸ் சீட்டு பிடித்தான். வாரா வாரம் நூறு, இருநூறு. வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள், மீன் விற்கிற ஆயா, ஆட்டோ ஓட்டுகிறவர்கள் கொடுத்த காசு. அது சும்மா கிடப்பானேன் என்று, தண்டலுக்கு விடுகிற ஒருவரிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்தான். வட்டியில் கொஞ்சம் சீட்டுக்காரர்களுக்கே கூடுதலாகக் கொடுக்கலாம், கொஞ்சம் சபைக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம் என்று கணக்கு. அந்த ஆள் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதமாக அவன் கோயிலுக்குப் போகவில்லை.

வந்தவன் காபியைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “சார், சோதனை வந்தா விசுவாசம் வளரும்னு சொல்றாங்க. யோபுவைச் சொல்றாங்க. யோபு தப்பு பண்ணல சார். நான் பண்ணேன். எனக்கு வந்தது சோதனையா, இல்ல தண்டனையா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் உடனே பதில் சொல்வதை நான் நிறுத்தி வருடமாகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பு உயரத்துக்குத் தெரிந்தது. அந்த வீட்டம்மாவின் கணவர் அந்த வாரம்தான் இறந்திருந்தார். நான் யாக்கோபு நிருபத்தைத் திறந்து, சோதனை பொறுமையை உண்டாக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “வாத்தியாரே, வசனம் அப்புறம் ஆகட்டும். கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க.” உட்கார்ந்தேன். நான் படித்த இறையியல் எல்லாம் அன்றைக்கு அந்த ஈரத் தரையில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஆகவே இந்தப் பையனுக்கு (நாற்பத்தைந்து வயது, இருந்தாலும் எனக்குப் பையன்தான்) வசனம் சொல்லாமல் ஒரு கதை சொன்னேன். நடந்த கதை. நம் வியாசர்பாடியிலிருந்து நடந்தே போகக்கூடிய வேப்பேரியில், இருநூற்று ஐம்பது வருடங்களுக்கு முன் நடந்தது. அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

புரசைவாக்கத்தில் பெப்ரீசியஸ் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியும். நம் பள்ளிப் பிள்ளைகள் அவர்களோடு கால்பந்து ஆடித் தோற்றதும் சிலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெயர் யாருடையது என்று எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

யோகான் பிலிப் பெப்ரிசியுஸ். ஜெர்மனியில் 1711 ஜனவரி 22இல் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார், பிறகு அதை விட்டுவிட்டு ஹாலே நகரில் இறையியல். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து, 1742 முடிவில், சென்னைக்கு அனுப்பினார்கள். இங்கே 1728இல் பெஞ்சமின் சூல்ச் ஐயர் தொடங்கிய மிஷன் இருந்தது. (அந்தக் காலத்தில் பாதிரிமார்களை ஐயர் என்றுதான் சொல்வார்கள். இளம் பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.) சூல்ச் ஊருக்குத் திரும்பியதும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதன் பிறகு இவர் ஊர் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் சென்னைதான்.

முதல் அடி 1746இல். பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அப்போது கறுப்பர் நகரம் என்று சொல்லப்பட்டது இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம், கோட்டைக்கு ஒட்டியே இருந்தது. மிஷன் ஆலயமும் வீடும் அங்கேதான். எல்லாம் போயிற்று. பெப்ரிசியுஸ் சபையாரில் சிலரோடு வடக்கே, டச்சுக்காரர்கள் கையில் இருந்த பழவேற்காட்டுக்குப் போனார். ஐரோப்பாவில் இரண்டு அரசர்கள் உடன்படிக்கை எழுதி, 1749இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. இவரும் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் தலை சாய்க்க இடம் இல்லை.

அப்போதுதான் வேப்பேரி கதைக்குள் வருகிறது. கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று கம்பெனிக்குச் சந்தேகம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வேப்பேரிச் சிற்றாலயத்தை 1750களின் தொடக்கத்தில் இந்த மிஷனுக்குக் கொடுத்தார்கள். இப்போது புனித மத்தியா ஆலயம் இருக்கும் இடம் அதுதான். மிஷன் வரலாறு எழுதியவர்கள் இதைத் தேவன் தந்த ஆசீர்வாதம் என்று எழுதுவார்கள். அந்தக் கத்தோலிக்கச் சபையாருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எழுத மாட்டார்கள். ஒருவருடைய ஜெபம் கேட்கப்பட்ட கதை இன்னொருவருடைய சோதனையாக இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது அடி 1758 டிசம்பரில். லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னையை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். வெளியே இருந்த வேப்பேரி கொள்ளை போயிற்று. பெப்ரிசியுஸ் மறுபடியும் பழவேற்காடு. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் முற்றுகை விலகியது. மறுபடியும் வெறும் வீட்டுக்குத் திரும்பினார்.

வருடம் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சை கிடையாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். இரண்டு தடவை எல்லாவற்றையும் இழந்த இந்த மனிதர், அந்த இடைவெளியில் விடாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். தமிழ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்க்கும் வேலை. சீகன்பால்கும் சூல்சும் செய்து வைத்த மொழிபெயர்ப்பு இருந்தது. தமிழ்க் காதுக்கு அது இடறியது. பெப்ரிசியுஸ் தான் எழுதியதைத் தமிழர்களுக்கு வாசித்துக் காட்டுவார். படித்தவர்களுக்கும், படிக்காதவர்களுக்கும். எங்கே முகம் சுளிக்கிறதோ அங்கே மறுபடி எழுதுவார். முழங்காலில் நின்று மொழிபெயர்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

1761இல் நிலைமை தலைகீழ். ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். அங்கே இருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனியிடம் இயந்திரம் இருந்தது, ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. ஆளுநர் ஜார்ஜ் பிகாட் அதை வேப்பேரி மிஷனிடம் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: கம்பெனிக்கு வேண்டியபோது அதற்கும் அச்சடித்துத் தர வேண்டும். தன்னைத் துரத்தியவர்களின் இயந்திரத்தில் பெப்ரிசியுஸ் வேதாகமம் அடித்தார் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். பிரசங்கத்துக்கு நல்ல வாக்கியம், நானும் ரசித்தேன். அந்த இயந்திரத்தில் 1772இல் புதிய ஏற்பாடு வந்தது. 1779இல் தமிழ் – ஆங்கில அகராதி வந்தது. சுமார் ஒன்பதாயிரம் சொற்கள். அட்டையில் மலபார் மொழி என்று போட்டிருக்கும், ஐரோப்பியர்கள் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். தோழர் பிரைட்ஹாப்ட் ஐயரும் சேர்ந்து செய்தது அது. 1786இல் ஆங்கிலம் – தமிழ்ப் பகுதி. அந்த அகராதியைத் தரங்கம்பாடியில் பின்னால் பெருக்கிப் பெருக்கி, 1972இல் கூடப் பதிப்பித்தார்கள். என் மேசையில் இருப்பது அந்தப் பதிப்புதான். ஓரம் எல்லாம் கரையான் தின்றாலும் நான் கொடுக்க மாட்டேன், கேட்காதீர்கள்.

பழைய ஏற்பாடு 1777 முதல் பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சானது. 1871இல் பவர் ஐயர் குழு முடித்த மொழிபெயர்ப்பைத்தான் நம்மில் பலர் இன்றைக்கும் கையில் வைத்திருக்கிறோம். அதற்கு அடித்தளம் பெப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பு. லுத்தரன் சபைகளில் அவருடைய மொழிபெயர்ப்பையே இருபதாம் நூற்றாண்டு வரை வைத்திருந்தார்கள். ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் அவர் தமிழாக்கினார். அடைக்கலநாதர் ஆலயத்துக்குப் போகிற உறவினர்கள் அவற்றை இன்றும் பாடுகிறீர்கள்.

இதோடு நிறுத்தினால் நல்ல மிஷனரி சரித்திரம். சோதனை வந்தது, பொறுத்தார், கனி கொடுத்தார். பெரும்பாலும் இதோடு நிறுத்தித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் பெப்ரிசியுஸ் தன் முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனார்.

நடந்தது இது. அவரை எல்லாரும் நம்பினார்கள். வங்கி என்று நாம் இன்று சொல்கிற அமைப்பு சாமானியருக்கு இல்லாத காலம். பணத்தை யாரிடம் கொடுத்து வைப்பது? ஐயரிடம் கொடுத்தார்கள். அவர் அதை வட்டிக்குக் கொடுத்தார். அது அவருக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. அன்றைய சென்னையே வட்டியில்தான் ஓடியது. ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் வாங்கிய கடன் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை போயிற்று. எட்மண்ட் பர்க் 1785இல் அதைப் பற்றியே பேசிய பேச்சு பிரசித்தம். அச்சு இயந்திரம் கொடுத்தாரே பிகாட், அவர் இரண்டாம் முறை ஆளுநராக வந்தபோது, தஞ்சாவூர் வருமானம் நவாபின் கடன்காரர்களுக்கா, தஞ்சை ராஜாவுக்கா என்ற தகராறில் சொந்த ஆலோசனைச் சபையினராலேயே 1776 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். காவலிலேயே 1777 மேயில் இறந்தார். ஆளுநரையே விழுங்கிய ஊர் இது. கணக்கு வழக்கில் சாமர்த்தியம் இல்லாத ஒரு பாதிரியார் அந்தச் சந்தையில் இறங்கினால் என்ன ஆகும்? கொடுத்த பணம் திரும்பவில்லை. கொடுத்து வைத்தவர்கள் கேட்டார்கள். வழக்கு வந்தது. சிறை வந்தது.

அவர் தன் சுகத்துக்காகச் செய்யவில்லை, எளிமையாக வாழ்ந்தவர். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணத்தை இழந்தவர்களுக்கு அது என்ன ஆறுதல்? காலமும் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் வந்தது. கிராமத்து ஜனங்கள் உயிருக்குப் பயந்து சென்னைக்குள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே பஞ்சம். 1782இல் ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் ஆயாக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பது அதனால்தான். அப்படிப்பட்ட காலத்தில் ஒருவருடைய சேமிப்பு போவது என்றால், அது வெறும் கணக்குப் பிழை இல்லை.

இந்த இடத்தில் என் மாணவன் தலை நிமிர்ந்தான். “அவரும் நம்மள மாதிரிதானா சார்?” என்றான்.

இங்கே சீகன்பால்கையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1708 கடைசியில் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டு நாலு மாதம் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் தொடக்கம் ஒரு கடன் தகராறுதான். ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசப் போய், டேனிஷ் ஆளுநரின் கோபத்துக்கு ஆளானார். ஒருவர் கடன்பட்டவளுக்காக நின்று சிறைக்குப் போனார். இன்னொருவர் தானே கடன்பட்டுச் சிறைக்குப் போனார். பிரசங்க மேடையில் முதல் சிறைக்கு இடம் உண்டு. இரண்டாவதற்கு இல்லை. நம் சபைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் முதல் வகை, எத்தனை பேர் இரண்டாம் வகை? எனக்குத் தெரிந்த வரை இரண்டாம் வகைதான் அதிகம், நானும் சேர்த்து.

தமிழ் வாத்தியார் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ‘சோதனை’ என்கிறோம். ரத்தச் சோதனை, சோதனைச்சாவடி, கடவுள் தந்த சோதனை எல்லாம் அதே சொல். யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் சோதனை வெளியிலிருந்து வருவது, அதைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறார். பத்துப் பன்னிரண்டு வசனம் தள்ளி வரும் சோதனை மனிதனின் சொந்த இச்சையிலிருந்து வருவது, அதற்குத் தேவனைக் குற்றம் சொல்லாதே என்கிறார். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டுக்கும் இரண்டு சொல் போட்டுப் பிரித்துவிடுகிறார்கள். கிரேக்கத்தில் ஒரே வேர்ச்சொல். தமிழிலும் ஒரே சொல். பிரித்தது தெளிவுக்கு நல்லதுதான். ஆனால் பிரிக்காத தமிழ்தான் நம் வாழ்க்கைக்குப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. வெள்ளம் எங்கே முடிந்தது, என் முட்டாள்தனம் எங்கே தொடங்கியது என்று யாரால் கோடு போட முடியும்? தண்டல்காரர் ஓடிப்போனது இவன் மேல் வந்த சோதனை. அடுத்தவர் காசைத் தன் காசு போல நினைத்தது இவனுக்குள்ளிருந்து வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில்தான் வந்தன.

யோபுவை விடு, தாவீதைப் பார் என்றேன் அவனிடம். தாவீதுக்கு வந்த கஷ்டத்தில் பாதி சவுலால் வந்தது, பாதி தானே தேடிக்கொண்டது. சங்கீதங்கள் இரண்டு பாதியிலிருந்தும் வந்திருக்கின்றன.

கதையின் முடிவுக்கு வருகிறேன். 1788இல் கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மன் ஐயர் வேப்பேரிப் பொறுப்பை ஏற்றார். வந்தவர் பார்த்தது குழம்பிக் கிடந்த கணக்கு, கடன்காரர்களின் நச்சரிப்பு, மனசு உடைந்த ஒரு கிழவர். கெரிக்கே கணக்குகளைச் சீர்செய்யும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார். பெரியவரை ஒதுக்கி வைக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் ஆவிக்குரிய வளர்ச்சி என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் இதுதான். அது கடன்பட்டவரிடம் மட்டும் நடக்கவில்லை, பக்கத்தில் வந்து கணக்கு நோட்டைத் திறந்தவரிடமும் நடந்தது. நம் சபைகளில் விழுந்தவனுக்கு ஜெபிக்க நிறையப் பேர் இருக்கிறோம். அவனோடு உட்கார்ந்து யார் யாருக்கு எவ்வளவு என்று எழுத ஆள் இல்லை.

1791 ஜனவரி 23இல் பெப்ரிசியுஸ் இறந்தார். அதற்கு முந்தின நாள்தான் எண்பது வயது நிறைந்திருந்தது. பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி அச்சாகி வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. அது அவருக்குப் பிறகு, அந்த 1790களில்தான் முடிந்தது. கடன் விவகாரத்தால் அந்த மொழிபெயர்ப்பு கெட்டுப்போகவில்லை. அந்த மொழிபெயர்ப்பால் கடனும் மறைந்துவிடவில்லை. இரண்டும் ஒரே மனிதருடைய வாழ்க்கையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிறைக்குப் பிறகு அவர் பெரிய பரிசுத்தவானாக வெளியே வந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான், பதிவு அழகாக முடியும். ஆனால் அப்படி ஒரு காட்சியை நான் எங்கும் படிக்கவில்லை. படித்ததெல்லாம், வயதான ஒருவர், தான் கெடுத்த காரியத்தை இன்னொருவர் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டு, அதே ஊரில், அதே சபையார் நடுவே கடைசி வரை இருந்தார் என்பதுதான். ஓடிப்போகவில்லை. நம் ஊரில் கடன்பட்டவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெருவில் நடந்து பால் வாங்கப் போவதே ஒரு சிலுவை.

என் மாணவன் கேட்டான்: “அப்ப நான் என்ன பண்ணணும் சார்?”

நோட்டு இருக்கா என்றேன். இருந்தது. நாற்பது பக்க நோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது, பின்பக்கம் வாய்ப்பாடு போட்டது. அதில் பெயர்களைத் திருப்பி வரிசையாக எழுதினோம். பெரிய தொகை முதலில் வேண்டாம், ரொம்ப இல்லாதவர்கள் முதலில் என்று நான் சொன்னேன். அவன் சம்மதித்தான். மீன் விற்கிற ஆயாவின் பெயர் முதலில் வந்தது. நாற்பத்தொரு பெயர். மறுநாள் சாயங்காலம் இருவருமாக முதல் ஐந்து வீடுகளுக்குப் போனோம். இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் டீ கொடுத்துவிட்டுத் திட்டினார்கள். ஆயா மட்டும் ஒன்றும் பேசாமல், அவன் தலையில் ஒரு குட்டு குட்டிவிட்டு, மாதம் எவ்வளவு தருவே என்று கேட்டார்.

இப்போது காலையில் ஒரு கம்பெனியில் வேலை, ராத்திரி ஆட்டோ. இந்த ஞாயிறு கோயிலுக்கு வந்தான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். காணிக்கை எண்ணப் போகவில்லை, அதுவும் சரிதான். நோட்டில் இதுவரை மூன்று பெயர் அடித்தாயிற்று. பதினேழாவது பெயர் நம் குடும்பத்தில் ஒருவர். இதைப் படித்துக்கொண்டிருப்பார். அம்மா, உன் முறை வர இன்னும் ஒரு வருடம் ஆகும் போலிருக்கிறது, அதுவரை அவனுக்கு போன் போடாதே.